நாடி பிடிக்க ஒரு கை வேண்டும்

தொலைமருத்துவத்தில் திரைக்கும் செயலிக்கும் செலவிடுகிறோம். நோயாளியின் பக்கத்தில் நிற்க வேண்டியவருக்குச் செலவிடுகிறோமா?

நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே, தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாகின. அதுவரை போனில் மருந்து சொல்வது சரியா, தவறா என்பதில் மருத்துவர்களுக்கே தெளிவில்லை. மகாராஷ்டிரத்தில் பிரசவத்துக்குப் பின் மறுபடி சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, ஊரில் இல்லாத மருத்துவர்கள் போன் வழியாகவே சிகிச்சை சொன்னார்கள். அந்தப் பெண் இறந்துபோனார். 2018-இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதன் பிறகு, தெரிந்த நோயாளிக்குக்கூடப் போனில் ஆலோசனை சொல்லப் பலர் தயங்கினார்கள். புதிய நெறிமுறைகள் அந்தத் தயக்கத்தை நீக்கின. வீடியோ, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளிலும் பதிவுபெற்ற மருத்துவர் ஆலோசனை சொல்லலாம் என்று ஆனது. அடுத்த மாதமே, வீட்டிலிருந்தபடி அரசு மருத்துவரிடம் பேசும் இ-சஞ்சீவனி ஓபிடி சேவை தொடங்கியது. அந்த ஆண்டில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. 2023 பிப்ரவரியில் இ-சஞ்சீவனி ஆலோசனைகளின் மொத்த எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது.

இந்தப் பத்துக் கோடிக்குள் இரண்டு வேறு வேறு சேவைகள் இருக்கின்றன. ஒன்றில், நோயாளி தன் வீட்டில் கைபேசியை வைத்துக்கொண்டு நேரடியாக மருத்துவரிடம் பேசுகிறார். இன்னொன்றில், நோயாளி தன் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்குள்ள பணியாளர் அவருடைய ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, காய்ச்சல் எல்லாம் பார்த்துவிட்டு மருத்துவரைத் திரையில் அழைக்கிறார். வீட்டுக்கே வரும் சேவைதான் விளம்பரத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் இ-சஞ்சீவனியின் ஆலோசனைகளில் மிகப் பெரும் பங்கு சுகாதார நிலையங்கள் வழியாக நடந்தவையே. கையில் கைபேசி இருந்தும், பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துச் சொல்லும் இடத்தைத்தான் மக்கள் அதிகம் தேடிப் போயிருக்கிறார்கள். தொலைமருத்துவத்தின் கடந்த நூறாண்டு அனுபவமும் இதையே சொல்கிறது. மருத்துவரின் கண்ணையும் காதையும் கருவி எவ்வளவு தூரத்துக்கும் நீட்டித் தரும். கையை அதனால் நீட்ட முடியாது. அந்தக் கைக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற இன்னொரு கை நோயாளியின் பக்கத்தில் இருக்கும் இடங்களில் தொலைமருத்துவம் உயிர் காக்கிறது. இல்லாத இடங்களில் அது பெரும்பாலும் பேச்சாகவே முடிகிறது.

லைடன் முதல் தேனி வரை

தொலைமருத்துவம் இணையத்தோடு பிறந்ததல்ல. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய இதயத்துடிப்புப் பதிவுக் கருவி, மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாத அளவுக்குக் கனமானது. அதனால் 1905-இல் அவர், சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்கும் தன் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பி இழுத்து, அங்கிருந்த நோயாளிகளின் இதயத்துடிப்பை இங்கே பதிவு செய்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அந்த மேதை கம்பியின் ஒரு முனையில் இருந்தார். மறுமுனையில், நோயாளியின் கைகளை உப்புநீர்ப் பாத்திரங்களில் சரியாக வைத்து, அசையாமல் உட்காரச் செய்ய ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஆள் இல்லாமல் கம்பியால் பயன் இருந்திருக்காது. 2000 மார்ச்சில், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா கிராமத்தில் அப்போலோ நிறுவனம் அமைத்த தொலைமருத்துவ வசதியை அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கி வைத்தார். அந்தச் செய்தியில் எல்லோர் கண்ணிலும் பட்டது தொழில்நுட்பம்தான். ஆனால் அரகொண்டாவில் ஒரு மருத்துவமனையும் அதில் பணியாளர்களும் இருந்தார்கள் என்பதால்தான் சென்னையிலிருந்த நிபுணர்களின் கருத்துக்கு அங்கே பயன் இருந்தது.

தமிழ்நாட்டில் இதைத் தெளிவாக நிறுவிக் காட்டியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களை நடத்தி வந்தது. முகாம் என்பது எப்போதாவது ஒருமுறை வருவது. பார்வைக் குறை அதுவரை காத்திருக்காது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாதாரண வைஃபை கருவிகளை மாற்றியமைத்துப் பல கிலோமீட்டர் தூரம் இணைப்புத் தரும் முறையை உருவாக்கியிருந்தார்கள். அதைக் கொண்டு, தேனி அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களில் தொடங்கிய பார்வை மையங்கள் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. இன்று அரவிந்த் நடத்தும் பார்வை மையங்கள் நூற்றுக்கும் மேல்.

ஒரு பார்வை மையத்துக்குள் நடப்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் இந்த முறையின் உள்கட்டு புரியும். வாடகைக் கட்டடம், இரண்டு மூன்று அறைகள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்தே தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்த பெண்தான் அங்கே கண் மருத்துவப் பணியாளர். நோயாளியை எழுத்துப் பலகை முன் உட்கார வைத்துப் பார்வையை அளக்கிறார். பிறகு தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, பிளவு விளக்கு வழியாகக் கருவிழியையும் லென்ஸையும் பார்க்கிறார். கண் அழுத்தம் அளக்கிறார். தேவைப்பட்டால் கண்ணைப் படமெடுக்கிறார். எல்லாம் கணினியில் ஏறிய பிறகுதான் மருத்துவர் திரையில் வருகிறார். அவர் முன்னால் அளவுகளும் படமும் தயாராக இருக்கின்றன. நோயாளியிடம் ஒன்றிரண்டு கேள்வி கேட்டு, கண்ணாடியா, சொட்டு மருந்தா, அறுவை சிகிச்சையா என்று சொல்லிவிட முடிகிறது. கண்ணாடியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்களை மட்டும் அனுப்புகிறார்கள். மருத்துவரின் பங்கு சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்குப் பயன் இருக்கும்படி செய்வது அதற்கு முன் அந்தப் பெண் பார்த்த வேலை.

மாரடைப்பும் காசநோயும் சொல்லும் பாடம்

கண்ணுக்குப் பொருந்துவது இதயத்துக்கும் பொருந்துமா? அதற்கும் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே உண்டு. நோயாளி முதலில் போய்ச் சேர்வதோ பக்கத்தில் உள்ள சிறிய மருத்துவமனைக்கு. இந்த இரண்டையும் இணைத்து, சிறிய மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியைப் பெரிய மருத்துவமனையின் இதயநோய் நிபுணருக்கு உடனே அனுப்பி, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்து, பிறகு 108 ஆம்புலன்ஸ் போன்ற ஏற்பாடுகளோடு நோயாளியை மாற்றும் ஒரு திட்டம் இங்கே சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதயநோய் ஆய்விதழில் வெளியாகின. 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்ந்த இறப்புகளில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓராண்டில் கிடைத்த பலனுக்குக் காரணம் கம்பியில்லாமல் பாய்ந்த ஈசிஜி மட்டும் அல்ல. அதைச் சரியாக எடுத்த செவிலியர், மருந்தை ஏற்றிய சிறிய மருத்துவமனை, வண்டியில் உடன் சென்ற பணியாளர், கட்டணத்தை ஏற்ற காப்பீடு எல்லாம் சேர்ந்த சங்கிலிதான் காரணம். மார்பில் ஒட்ட வேண்டிய மின்முனைகளை ஒரு விலா இடைவெளி மேலே ஒட்டினாலோ, இடது கையின் வயரை வலது கையில் மாட்டினாலோ, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிபுணர் இல்லாத நோயைப் படிப்பார், அல்லது இருக்கும் நோயைத் தவறவிடுவார்.

மறுபக்கத்துக்கு ஓர் உதாரணம், காசநோய் மருந்தைக் கண்காணிக்க வந்த 99டாட்ஸ் என்ற முறை. மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரு தொலைபேசி எண் தெரியும். மாத்திரை போட்டவர் அந்த எண்ணுக்கு ஓர் இலவச அழைப்பு விட்டால் போதும். அன்றைய மருந்து எடுத்துக்கொண்டதாகப் பதிவாகிவிடும். நோயாளி தினமும் மையத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. அது பெரிய விடுதலை. செலவும் குறைவு. சென்னை, வேலூர், மும்பை ஆகிய இடங்களில் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் கணிசமானோர் அழைக்கவே இல்லை. எடுக்காதவர்களில் கணிசமானோரை எடுத்தவர்களாகப் பதிவு காட்டியது. யாரிடமும் நேரில் பேசாமல், அழைப்பு எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் சிக்கலில் இருப்பவர் யார் என்பதே தெரிந்திருக்காது. அதே காசநோய்க்கு 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய இறப்பில்லாத் திட்டம் வேறு வழியில் போனது. நோய் கண்டறிந்ததுமே ஒரு பணியாளர் நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார். ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பதிவுக்குக் கணினி உண்டு. ஆனால் முதல் வேலை எடைபார்க்கும் கருவியில் நோயாளியை ஏற்றுவதுதான்.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமா?

இதற்கு முதலில் வரும் மறுப்பு நியாயமானது. ஒவ்வொரு ஆலோசனைக்கும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்றால் கைபேசி எதற்கு என்று கேட்பார்கள். உண்மைதான், எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. ஏற்கெனவே நேரில் பார்த்து நோய் உறுதியானவர், பரிசோதனை முடிவைக் காட்டி மாத்திரை அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்க ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏற வேண்டியதில்லை. மனநலத்திலும் இப்படியே. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ நள்ளிரவில் அழைப்பவருக்கு, பொறுமையாகக் கேட்கும் ஒரு குரலே முதல் சிகிச்சை. பக்கத்தில் ஆள் இல்லாததே அங்கே அனுகூலம். தெரிந்தவர் காதில் விழாமல் பேசலாம். ஆனால் புதிதாக வந்த நெஞ்சுவலி, குழந்தையின் மூச்சிரைப்பு, கர்ப்பிணியின் தலைவலி, வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய வலி ஆகியவை வேறு வகை. இவற்றில் நோயாளி சொல்வதைவிட உடல் காட்டுவது முக்கியம். 2020 நெறிமுறைகளும் இந்த வேறுபாட்டை ஏற்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பது போதுமா, நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்று முடிவெடுக்கும் பொறுப்பை அவை மருத்துவரிடமே விட்டிருக்கின்றன. முதல்முறை பேசுபவருக்கு எந்த மருந்தை எழுதலாம், எதை அறவே எழுதக் கூடாது என்று பட்டியல் போட்டிருக்கின்றன. சுகாதாரப் பணியாளர் நோயாளியோடு இருந்து மருத்துவரை அழைக்கும் முறையைத் தனி வகையாகவே அங்கீகரித்திருக்கின்றன.

ரத்த அழுத்தக் கருவி இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டதே, நோயாளியே அளந்து சொல்ல மாட்டாரா என்பது அடுத்த கேள்வி. சொல்லலாம், கற்றுக்கொடுத்தால். கற்றுக்கொடுக்காத இடத்தில், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள். கையைத் தாங்கலின்றித் தொங்கவிட்டிருப்பார்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, பேசிக்கொண்டே பொத்தானை அழுத்துவார்கள். இவை ஒவ்வொன்றும் அளவை மாற்றக்கூடியவை. அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினால், மருத்துவர் தேவையில்லாத மாத்திரை ஒன்றைக் கூட்டி எழுதக்கூடும். சரியாக அளக்கக் கற்றுக்கொடுக்கவும் ஒருவர் ஒருமுறையாவது வீட்டுப் படியேற வேண்டும். மேலும், கைபேசி வீட்டில் இருப்பதும் பெண்ணின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர்தான். செயலி வழியாக மட்டும் வரும் மருத்துவம், மருத்துவம் அதிகம் தேவைப்படும் மூத்த பெண்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தும்.

மருத்துவர்கள் தரப்பிலிருந்து வரும் எதிர்ப்பு வேறு. மருத்துவம் படிக்காதவர் கையில் பரிசோதனையைக் கொடுத்தால் நாளை அவர் தனியாகவே வைத்தியம் பார்க்கத் தொடங்குவார், அது போலி மருத்துவத்துக்குக் கதவு திறப்பதாகும் என்கிறார்கள். 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றபோது மருத்துவர் சங்கங்கள் போராடியதற்கும் இந்த அச்சமே காரணம். அச்சத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் தகவல் தொடர்பு இணையும்போது நிலைமை மாறுகிறது. பார்வை மையப் பணியாளர் அளக்கிறார், பதிகிறார், முடிவு மருத்துவருடையது. யார் எதைப் பார்த்தார், யார் எதை எழுதினார் என்பது கணினியில் நிற்கிறது. தனித்து விடப்பட்ட பணியாளர்தான் எல்லை தாண்டுவார். தினமும் மருத்துவரோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு எல்லையைத் தாண்ட வேண்டிய தேவையே வருவதில்லை.

இனி செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, இடையில் ஆள் தேவையில்லை என்ற வாதம் இப்போது உரக்கக் கேட்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் படத்தை வைத்தே கண்டறியும் கூகுளின் மென்பொருள் 2016-இல் உலகக் கவனம் பெற்றது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மருத்துவமனைகளின் படங்களும் அந்த ஆய்வில் பயன்பட்டன. அதே நிறுவனம் தாய்லாந்தின் 11 சிகிச்சை மையங்களில் அந்த வகை மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தபோது நடந்தது படிப்பினையானது. 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதவில்லை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சத்தைக் குறைக்க முடியாதது ஒரு முக்கியக் காரணம். எந்த நோயாளியை மறுபடி படமெடுப்பது, யாரை நிபுணரிடம் அனுப்புவது என்ற சுமை செவிலியர் மேல் விழுந்தது. படத்தைப் படிக்கும் திறன் எவ்வளவு உயர்ந்தாலும், நல்ல படம் கிடைப்பது இருட்டறையிலும் கேமரா பிடிக்கும் கையிலும்தான் இருக்கிறது. மென்பொருள் தானாக நோயாளிக்கு மருந்து எழுதக் கூடாது, மருத்துவருக்கு உதவலாம் என்று 2020 நெறிமுறைகள் வரையறுத்திருப்பது சரியான கோடு.

ரகசியம் காப்பவர் யார்?

இன்னொரு மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் மூன்றாவது ஒருவர் வந்தால் ரகசியம் என்ன ஆகும்? உள்ளூர்க்காரர் என்பது நம்பிக்கைக்கும் காரணம், தயக்கத்துக்கும் காரணம். கருக்கலைப்பைப் பற்றியோ ஹெச்ஐவி பற்றியோ பக்கத்துத் தெருப் பெண்ணின் முன்னால் பேச யாருக்கும் மனம் வராது. அதனால் அளவுகளை எடுத்து முடித்ததும் பணியாளர் வெளியே போய், நோயாளி தனியாக மருத்துவரோடு பேச ஓர் அறையும் சில நிமிடமும் இருக்க வேண்டும். இது தொழில்நுட்பத்தால் வருவதல்ல; கட்டடம் கட்டும்போதே நினைக்க வேண்டியது. அதே சமயம், ஆளே இல்லாத வழி பாதுகாப்பானது என்று நினைப்பதும் தவறு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய புண்ணின் படம் மருத்துவரின் கைபேசியில் அவர் குடும்பப் படங்களோடு சேர்ந்துவிடுகிறது. பரிசோதனை முடிவு குறுஞ்செய்தியாக வீட்டில் எல்லோரும் எடுக்கும் கைபேசிக்கு வருகிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கி, நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் காகிதத்திலும் பேனாவிலும் இயங்க வேண்டியிருந்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணினிக்குக் கடவுச்சொல் போடுவதையும், நோயாளியின் படத்தைச் சொந்தக் கைபேசியில் வைக்காமல் இருப்பதையும் பழக்கமாக்கினால்தான் அந்தச் சட்டம் நோயாளி வரை வந்து சேரும்.

எங்கே செலவிடுவது?

இன்னோர் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க அரசிடம் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தமிழ்நாடு அந்த ஆட்களை ஏற்கெனவே வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க, மாத்திரை கொடுக்க மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களை வீடு வீடாக அனுப்புகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. கிராமச் செவிலியர் இருக்கிறார். துணை சுகாதார நிலையத்தில் இடைநிலைப் பணியாளர் இருக்கிறார். இவர்களைத் தொலைமருத்துவத்தின் மையமாகப் பார்க்காமல், தகவலைச் செயலியில் ஏற்றும் ஆட்களாகப் பார்ப்பதுதான் குறை. ஒரே நோயாளியின் விவரத்தை மூன்று பதிவேட்டிலும் இரண்டு செயலியிலும் எழுதச் சொல்லும் முறை அவர் நேரத்தைத் தின்றுவிடுகிறது. நோயாளியைப் பார்ப்பதற்கு மிஞ்சுவது சொற்பம்.

எனவே வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. இந்தப் பணியாளர்களுக்கு நிரந்தர வேலையும் மதிப்பான சம்பளமும் வேண்டும். ஊக்கத்தொகையில் நிறுத்தி வைத்த ஒருவரிடம் உயிர்காக்கும் பொறுப்பைக் கொடுப்பது நியாயமில்லை. ஆண்டுக்கொருமுறை நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் பதிலாக, பார்வை மையத்தில் நடப்பதுபோல ஒவ்வோர் ஆலோசனையிலும் மருத்துவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். மறுமுனையில் உள்ள மருத்துவருக்குப் புறநோயாளிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு கூடுதல் சுமையாகத் திரையைத் திணிக்காமல், அதற்கென நேரம் ஒதுக்கி, அதையும் பணியாகக் கணக்கிட வேண்டும். திரையில் எழுதிய மருந்து அதே நிலையத்தில் அன்றே கிடைக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவருக்கு அங்கே என்ன ஆனது என்ற தகவல், அனுப்பிய பணியாளருக்குத் திரும்பி வர வேண்டும். இப்போது அது பெரும்பாலும் வருவதில்லை. வந்தால்தான் அடுத்த நோயாளியை அவர் இன்னும் நன்றாகக் கணிப்பார்.

கடைசியாக, கணக்கெடுக்கும் விதமும் மாற வேண்டும். இத்தனை கோடி அழைப்புகள், இத்தனை லட்சம் பதிவிறக்கங்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது எளிது. அந்த எண்கள் தொழில்நுட்பம் எவ்வளவு ஓடியது என்பதைத்தான் சொல்கின்றன. ஆலோசனை பெற்றவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேர் தேவையில்லாத பயணத்திலிருந்து தப்பினார்கள், அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மாவட்டம் மாவட்டமாக வெளியிட வேண்டும். மாரடைப்புத் திட்டத்தை நடத்தியவர்கள் ஓராண்டு கழித்து நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள். அரசின் ஒவ்வொரு தொலைமருத்துவத் திட்டமும் அதே கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல, நோயாளியின் வீட்டு வாசல்வரை போய்ப் பார்த்து வரும் ஒருவரை அது முதலில் நியமித்திருக்க வேண்டும்.